வெல்லத் தராசில் முப்பத்திரண்டு பிள்ளைகள்

ராமாயியின் மகள் அம்சவள்ளிக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை, புதுச்சேரியில் சட்டம் போடும்வரை.

பிறந்த பன்னிரண்டு வருஷத்தில் அவளுக்கு ஒரு தடவை அம்மை வார்த்தது, இரண்டு தடவை காய்ச்சல் வந்தது, ஒரு தடவை மாமரத்திலிருந்து விழுந்து கை பிசகியது. மற்றபடி ஒல்லியாக, சுறுசுறுப்பாக, வாய் ஓயாமல் வளர்ந்தாள். தொட்டிமேட்டுச் சர்க்கார் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சும் தமிழும் படித்தாள். மாசி மாதம் செர்த்திபிக்கா பரீட்சை, அதாவது சர்க்கார் சான்றிதழ்ப் பரீட்சை. அதில் தேறினால் பட்டணத்து ஆஸ்பத்திரியில் மருத்துவச்சி வேலைக்குப் படிக்கலாம். தேறாவிட்டால் கரும்புக் கொல்லையில் களையெடுக்கலாம். இரண்டில் எது நல்லது என்று ராமாயிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவள் இருபது வருஷமாகக் களையெடுத்துக்கொண்டிருந்தாள்.

பிரெஞ்சுக்காரர் ஆட்சியில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷத்தில்தான், கிராமத்துப் பிள்ளைகள் இளைத்திருக்கிறார்கள் என்று பட்டணத்துப் பெரியவர்கள் கண்டுபிடித்தார்கள். எப்படிக் கண்டுபிடித்தார்களோ தெரியாது. அவர்களில் ஒருவரும் கிராமத்துப் பக்கம் வந்ததில்லை. இளைத்த பிள்ளைக்குச் சோறு போடலாமே என்று ஒரு மெம்பர் கேட்டாராம். சோறு விவசாய இலாகாவைச் சேர்ந்தது, நாம் ஆரோக்கிய இலாகா என்று அவரை உட்கார வைத்துவிட்டார்கள். பிறகு நாற்பத்து மூன்று ஷரத்துகளோடு மாணவர் ஆரோக்கியச் சட்டம் ஒன்று பிறந்தது.

சட்டத்தின் சாரம் இது. மாதம் ஒரு முறை பிள்ளைகளை நிறுக்க வேண்டும். வயதுக்கு ஏற்ற எடை இல்லாத பிள்ளையை, அந்தப் பிள்ளையின் நன்மைக்காகவே, பள்ளிக்கூடத்திலிருந்து விலக்க வேண்டும். பலவீனம் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றக்கூடும் என்பதால் விலக்கப்பட்ட பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு நூறு மீட்டருக்குள் வரக்கூடாது. இது எட்டாம் ஷரத்து. பலவீனமான பிள்ளைக்குத் தினம் ஒரு கரண்டி மீன் எண்ணெய் பள்ளிக்கூடத்தில் வைத்துப் புகட்ட வேண்டும். இது ஒன்பதாம் ஷரத்து. இரண்டையும் எழுதியவர் ஒரே ஆள். நடுவில் தூங்கி எழுந்தாரோ என்னவோ.

நிறுப்பதற்காகப் பட்டணத்திலிருந்து முத்திரை குத்திய கிலோ கற்கள் மாட்டு வண்டியில் வந்தன. தராசு வரவில்லை. அது ஊர் ஏற்பாடு என்று கடுதாசி சொன்னது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தூக்கி உட்கார வைக்கிற அளவுக்குப் பெரிய தராசு தொட்டிமேட்டில் ஒன்றுதான் உண்டு. அது அரங்கநாதனின் வெல்ல மண்டித் தராசு. அரங்கநாதன் மண்டிக்கு முதலாளி. கொம்யூனுக்கு மேர், அதாவது சுற்று வட்டாரத்துக்கே தலைவர். பொதுக்காரியம் என்றதும் அவர் தராசைத் தாராளமாகக் கொடுத்தார்.

இந்தத் தராசைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். விவசாயிகளிடம் வெல்லம் வாங்கும்போது அரங்கநாதன் அதைக் கிழக்குத் தட்டில் வைக்கச் சொல்வார். எட்டு வீசை வெல்லம் ஏழு வீசையாகக் காட்டும். கூலியாட்களுக்குப் பொங்கல் வெல்லம் கொடுக்கும்போது மேற்குத் தட்டில் வைக்கச் சொல்வார். ஏழு வீசை எட்டு வீசையாகக் காட்டும். ஊரில் பால் குடிக்கிற குழந்தைக்குக்கூட இது தெரியும். தெரியும் என்று யாரும் வாயைத் திறந்து சொன்னதில்லை. மண்டி அவருடையது, கொல்லைகளில் பாதி அவருடையது, புகார் எழுதிப் போட வேண்டிய மேர் கச்சேரியும் அவருடையது.

நிறுக்கும் நாளன்று தராசைப் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தில் கட்டினார்கள். மண்டியில் முப்பது வருஷமாகத் தராசு பிடிக்கும் செல்லக்கண்ணுதான் இங்கேயும் பிடித்தான். பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். செல்லக்கண்ணு ஒவ்வொரு பிள்ளையாகத் தூக்கிக் கிழக்குத் தட்டில் வைத்தான். நடேசன் வாத்தியார் எடையை எழுதினார். முப்பத்திரண்டு பிள்ளைகளில் முப்பத்தோரு பேர் எடை குறைவு. தப்பியவன் அரங்கநாதனின் மகன் பச்சையப்பன் ஒருவன்தான். அவனை எந்தத் தராசாலும் ஒன்றும் செய்ய முடியாது.

அம்சவள்ளிக்கு இருக்க வேண்டியது இருபத்தெட்டு கிலோ. காட்டியது இருபத்தாறே கால்.

சேதி கேட்டு ராமாயி களைக்கொட்டும் கையுமாக ஓடிவந்தாள்.

"ஏன் செல்லக்கண்ணு அண்ணே, எம் பொண்ண இன்னாத்துக்கு வாங்கற தட்டுல வெச்சே?"

செல்லக்கண்ணு நாலாபுறமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "கை பழகிப்போச்சு, ராமாயி. எது வந்தாலும் கெழக்கால தூக்கி வெச்சிடுது. பாதிப் பிள்ளைங்களுக்கு அப்பறம்தான் எனக்கே ரோசனை வந்தது. அப்ப மாத்தினா மொதலாளி கேக்க மாட்டாரா, ஏன்டா மாத்தினேன்னு? நான் இன்னா சொல்றது?"

ராமாயி வாத்தியாரிடம் போனாள். நடேசன் நல்ல மனுஷர். அம்சவள்ளியைப் போல ஒரு பிள்ளை தம்மிடம் படித்ததில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டவர். ஆனால் சர்க்கார் கடுதாசி வந்தால் அதில் உள்ளதைத் தவிர வேறு எதுவும் செய்ய மாட்டார்.

"ராமாயி, கல்லெல்லாம் குடியரசு முத்திரை போட்ட கல்லு. அதுல தப்பு வராது."

"கல்லு சரிங்க வாத்தியாரய்யா. தராசு?"

"தராசு மேரோடது. மேர் தராசு கள்ளத் தராசுன்னு எழுதறதுக்கு எங்கிட்ட ஃபாரம் இல்லம்மா. எடை கம்மின்னு எழுதத்தான் ஃபாரம் வந்திருக்கு."

"சரி, பரீட்சை?"

"விலக்கப்பட்டவங்க மாணவரே இல்ல. மாணவர் இல்லாதவங்க பரீட்சை எழுத முடியாது. அடுத்த மாசம் திரும்ப நிறுப்போம். அதுக்குள்ள ரெண்டு கிலோ ஏத்திக்கினு வரச் சொல்லு."

"இதே தராசுலயா?"

வாத்தியார் பேனாவைத் துடைக்க ஆரம்பித்தார்.

ராமாயிக்கு ஆத்திரம் தலைக்கேறியது. நேரே மேர் கச்சேரிக்குப் போய் நின்றாள். அரங்கநாதன் அவளை அன்பாகவே வரவேற்றார். அவர் எல்லோரிடமும் அன்பானவர்.

"இதுல கோவிச்சுக்க இன்னா கீது, ராமாயி? எம் மண்டியில முப்பது வருசமா எத்தனை பேரு வெல்லம் போட்டாங்க. ஒருத்தனாச்சும் தராசு தப்புன்னு எங்கிட்ட சொல்லியிருக்கானா? எடை கம்மின்னா பொண்ணுக்குச் சோறு போடு. தராசுக்கா சோறு போட முடியும்? அது நான் சொல்றபடி நடக்கிற தராசு இல்ல, நியாயப்படி நடக்கிற தராசு."

பிறகு, களையெடுக்க ஆள் போதவில்லை என்றும், பெண் சும்மாதானே இருக்கிறாள், நாளையிலிருந்து கொல்லைக்கு அனுப்பு என்றும் சொன்னார். பள்ளிக்கூடத்துக்கு எடை போதாத உடம்பு கரும்புக் கொல்லைக்குப் போதும் என்று எந்த ஷரத்தில் இருக்கிறது என்று ராமாயி கேட்டாள். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் காலை அம்சவள்ளி கொல்லைக்குப் போகவில்லை. மற்ற முப்பது பிள்ளைகளையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு ராமாயி பள்ளிக்கூடத்துக்கே போனாள். வாசலில் இரண்டு சிப்பாய்கள் நூறு மீட்டர்க் கயிற்றோடு நின்றார்கள். கயிற்றின் ஒரு முனையைப் பள்ளிக்கூடத்துத் தூணில் கட்டிவிட்டு மறுமுனையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளைத் தள்ளிக்கொண்டே போனார்கள். நாற்பது மீட்டர் போனதும் வாய்க்கால் வந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் எல்லைக் கல். எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன் சீமை. நம்முடைய சீமை இப்படித்தான். நடந்து போகும்போது செருப்பு ஒரு ராஜ்யத்திலும் கால் இன்னொரு ராஜ்யத்திலும் இருக்கும்.

பிள்ளைகள் வாய்க்காலைத் தாண்டி அந்தக் கரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"ஏ பொம்பள, இன்னும் அறுவது மீட்டர் போவணும்," என்று ஒரு சிப்பாய் கத்தினான்.

"வந்து இழுத்துக்கினு போயேன்," என்றாள் ராமாயி. "ஒன் சட்டம் வாய்க்காலத் தாண்டுமா? ஒன் கால் தாண்டுமா?"

தாண்டினால் இரண்டு சர்க்கார்களுக்கும் சண்டை வரும் என்று சிப்பாய்க்குத் தெரியும். கயிற்றைச் சுருட்டிக்கொண்டு நிழலில் உட்கார்ந்தான்.

உள்ளே நடேசன் வாத்தியார், பச்சையப்பன் ஒருவனை எதிரில் வைத்துக்கொண்டு, காலை எட்டு மணியிலிருந்து பாடம் நடத்த வேண்டியிருந்தது. எத்தனை பிள்ளைகள் இருந்தாலும் பாடம் நடக்க வேண்டும் என்பது சட்டம். எவ்வளவு சத்தமாக நடத்த வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு நாற்காலியை வாய்க்கால் பக்கத்து ஜன்னலுக்கு நகர்த்திப் போட்டு, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, சந்தையில் ஏலம் கூவுவதுபோல் பாடம் சொன்னார். தம் உத்தியோக வாழ்வில் அவர் காட்டிய முதல் வீரம் அது. ராமாயி அவரை மனதார மன்னித்துவிட்டாள்.

சொல்வதெழுதலுக்குப் புத்தகம் இல்லை; கரையான் தின்றுவிட்டிருந்தது. பிழையில்லாத பிரெஞ்சு என்று அந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்தது ஆரோக்கியச் சட்டம் ஒன்றுதான். ஆகவே அதையே தினம் நாலு ஷரத்தாகச் சொல்லி எழுத வைத்தார். ஒரு மாதத்தில் பிள்ளைகளுக்கு நாற்பத்து மூன்று ஷரத்துகளும் மனப்பாடம். இங்கிலீஷ் சீமைத் தலையாரி இரண்டு நாள் வந்து நின்று பார்த்தான். மூன்றாம் நாள் தன் மகளையும் கொண்டுவந்து உட்கார வைத்தான்.

இதற்கிடையில் மீன் எண்ணெய் பெரிய பிரச்சினை ஆயிற்று. நாளொன்றுக்கு முப்பத்தோரு கரண்டி செலவாக வேண்டும் என்று பட்டணத்திலிருந்து உத்தரவு வந்தது. செலவாகாத எண்ணெய்க்கு விளக்கம் எழுத வேண்டும். வாத்தியாருக்கு விளக்கம் எழுதப் பயம். பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரே வாய் பச்சையப்பனுடையது. முதல் நாள் அவன் முப்பத்தோரு கரண்டியும் குடித்தான். இரண்டாம் நாள் அழுதுகொண்டே குடித்தான். மூன்றாம் நாள் காலை அவனால் பெஞ்சில் உட்கார முடியவில்லை. வயிற்றுப்போக்கு உள்ளவரை உடனே விலக்க வேண்டும் என்பது இருபத்திரண்டாம் ஷரத்து. அவனும் வாய்க்காலைத் தாண்டினான். வீட்டுக்குப் போனால் அப்பா அடிப்பார் என்று ராமாயி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவள் அவனுக்கு மோர் கரைத்துக் கொடுத்தாள்.

மாதக் கடைசியில் வாத்தியார் அறிக்கை அனுப்பினார். எடை குறைந்த மாணவர்: இல்லை. நோயுள்ள மாணவர்: இல்லை. இருமல், சிரங்கு, காய்ச்சல்: இல்லை. அதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை. பட்டணத்தில் அதைப் படித்தவர்கள் மெய்சிலிர்த்துப் போனார்கள். ராஜ்யத்திலேயே ஆரோக்கியமான பள்ளிக்கூடம் தொட்டிமேடு என்று முதல் பரிசு அறிவித்தார்கள். பரிசு ஒரு சுவர்க்கடிகாரம். அதைக் கொடுக்கவும், அன்றே செர்த்திபிக்கா பரீட்சையை நடத்தவும் ஆரோக்கிய இன்ஸ்பெக்டர் டாக்டர் கிளெமான் தாமே நேரில் வருவதாகக் கடுதாசி வந்தது.

சட்டத்தை எழுதியவர் அவர்தான். பட்டணத்தில் பிறந்து, ஆறு மாதம் பிரான்சில் இருந்து, அந்த ஆறு மாதத்தைப் பற்றி இருபது வருஷமாகப் பேசிக்கொண்டிருப்பவர். வேப்பமரத்தடியில் மாலை போட்ட தராசுக்குப் பக்கத்தில் நின்று அவர் பேசினார். காலி வகுப்பைப் பார்த்ததில் அவருக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

"பெரியோர்களே! பதினேழு பள்ளிகளைப் பார்த்துவிட்டேன். எல்லாவற்றிலும் பிள்ளைகள் இருந்தார்கள். பிள்ளைகள் இருக்கும் இடத்தில் சளி இருக்கிறது, சிரங்கு இருக்கிறது. இங்கே காற்று எவ்வளவு தூய்மையாக இருக்கிறது! பள்ளியின் ஆரோக்கியத்துக்கு ஒரே தடை மாணவர்கள்தான் என்று நான் ஐந்து ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். தொட்டிமேடு அதைச் செய்தே காட்டிவிட்டது!"

அரங்கநாதன் கைதட்டினார். ஊரும் தட்டியது.

"சட்டம் எல்லோருக்கும் பொது. நானே வாரம் ஒரு முறை நிறுத்துக்கொள்கிறேன். எழுபத்திரண்டு கிலோ. பதினோரு ஆண்டுகளாக ஒரு கிராம்கூட மாறவில்லை. இதோ என் அட்டை!" சட்டைப் பையிலிருந்து எடுத்து எல்லோருக்கும் காட்டினார். "பரீட்சை எழுத மாணவர் யாரும் இல்லாததால், பரீட்சையும் நோயின்றி முடிந்தது."

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ராமாயி அக்கரைப் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தாள். முடிந்ததா? ஒரு மாதம் வாய்க்கால் கரையில் வெயிலில் வெந்த பிள்ளைகளின் பரீட்சை இப்படியா முடிய வேண்டும்? மறுகணம் அந்த எழுபத்திரண்டு அவள் காதில் திரும்ப விழுந்தது. விறுவிறுவென்று வாய்க்கால் பக்கம் நடந்தாள்.

"அம்சா! அந்தப் பதினேழாவது ஒண்ணு சொன்னியே, அதச் சொல்லு. எல்லாரும் சேந்து சொல்லுங்க. நல்லாக் கத்தி!"

அக்கரையிலிருந்து முப்பத்து மூன்று குரல்கள் பிரெஞ்சில் எழுந்தன. பள்ளி வளாகத்தில் கால் வைக்கும் எவரும், பதவி எதுவாயினும், நிறுக்கப்பட்டுப் பதியப்பட வேண்டும்.

டாக்டர் புல்லரித்துப் போனார். "என்ன உச்சரிப்பு! யார் அவர்கள்?"

"இங்கிலீஷ் சீமைப் பிள்ளைங்க," என்றார் அரங்கநாதன் அவசரமாக.

"ஆகா! என் சட்டம் அந்நிய மண்ணிலும் ஓதப்படுகிறது!"

ராமாயி திரும்பி வந்து தராசுக்குப் பக்கத்தில் நின்றாள். "அப்பொ ஏறுங்க தொரை. பதினேழாவதுல இருக்குதுங்களே."

தாம் எழுதிய ஷரத்தைத் தாமே எப்படி மறுப்பது? டாக்டர் கோட்டைக் கழற்றினார். செல்லக்கண்ணு, பழக்கம் விடாமல், அவரைக் கிழக்குத் தட்டில் ஏற்றினான். கற்களை வைத்தார்கள், எடுத்தார்கள். தராசு நின்றது.

அறுபத்து மூன்று கிலோ.

டாக்டர் அட்டையைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், தம் கையைத் தாமே பிடித்து நாடி பார்த்துக்கொண்டார்.

"ஒன்பது கிலோ..." என்றார். "காலையில் காரில் ஏறும்போது நன்றாகத்தானே இருந்தேன்?"

எல்லோரும் அரங்கநாதனைப் பார்த்தார்கள். ஒன்று, தராசு பொய். அல்லது, டாக்டர் நோயாளி. அரங்கநாதன் ஒரு நிமிஷம்தான் யோசித்தார். "ரோடு மோசங்க. வழியில எளைச்சிருப்பீங்க."

சிப்பாய் கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தான். அவனுக்குத் தெரிந்தது எட்டாம் ஷரத்து ஒன்றுதான். "ஐயா, நூறு மீட்டர்," என்று சொல்லி மரியாதையாகச் சலாம் வைத்தான். டாக்டர் உண்மையிலேயே வாய்க்கால் பக்கம் இரண்டு அடி நடந்துவிட்டார்.

"இருங்க தொரை," என்றாள் ராமாயி. "அந்தாண்டத் தட்டுல ஒருக்கா ஏறிப் பாருங்க."

மேற்குத் தட்டு எண்பத்திரண்டே கால் காட்டியது.

டாக்டர் முகத்தில் உயிர் வந்தது. கால் மணி நேரத்தில் பத்தொன்பது கிலோ ஏறிய உடம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு, படித்தவர் அல்லவா, காரணமும் கண்டுபிடித்தார். "கிழக்கில் சூரியன் எழுகிறது. உஷ்ணத்தால் கிழக்குத் தட்டில் வைக்கும் எந்தப் பொருளும் எடை இழக்கிறது. ஆறு மாதம் பிரான்சில் இருந்தேன், அங்கே யாரும் இதைக் கவனிக்கவில்லை! எழுதும், வாத்தியாரே. திருத்தம் ஒன்று: தொட்டிமேட்டுத் தராசில் எந்தப் பொருளுக்கும் மேற்குத் தட்டு காட்டுவதே உண்மையான எடை."

தராசு கள்ளத் தராசு என்று யாரும் சொல்லவில்லை. பழி சூரியன்மேல் போய்விட்டது. அந்த நிம்மதியில் அரங்கநாதன் திருத்தத்தில் கையெழுத்துப் போட்டு மேர் முத்திரையையும் அழுத்திக் குத்தினார். ராமாயி அந்த முத்திரையைக் கண்கொட்டாமல் பார்த்தாள்.

இவர்கள் விலக்கப்பட்ட நம் பிள்ளைகள்தான் என்று வாத்தியார் பெயர்ப் பட்டியலைக் காட்ட, பிள்ளைகள் வாய்க்காலைத் தாண்டி வந்து மேற்குத் தட்டில் ஏறினார்கள். அம்சவள்ளி முப்பத்து நாலே கால். ஒருத்தரும் குறையவில்லை. ஒரு நாளில் முப்பத்திரண்டு பிள்ளைகளைக் குணமாக்கியதாக டாக்டர் தம் குறிப்பில் எழுதிக்கொண்டார். பரீட்சை நடந்தது. சொல்வதெழுதலுக்கு அவர் தம் சட்டத்தையே எடுத்துக்கொண்டார். தொட்டிமேட்டில் யாரும் ஒரு பிழையும் விடவில்லை. சாயங்காலம் செர்த்திபிக்கா தேறியவர் பட்டியலில் முதல் பெயர் அம்சவள்ளி. ராமாயி மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள், அழுவதற்கு வெட்கப்படவில்லை.

அந்த வாரச் சந்தை நாளில் மண்டி வாசலில் வெல்ல வண்டிகள் வரிசையாக நின்றன. வழக்கத்துக்கு மாறாக வண்டிக்காரர்கள் யாரும் மூட்டையை இறக்கவில்லை. வரிசைக்கு முன்னால் ராமாயி நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் அம்சவள்ளி, கையில் வாத்தியார் நகலெடுத்துக் கொடுத்த காகிதத்தோடு நின்றாள். முதலில் பிரெஞ்சில் படித்தாள், பிறகு தமிழில் சொன்னாள். எந்தப் பொருளுக்கும் மேற்குத் தட்டு காட்டுவதே உண்மையான எடை. கீழே மேர் கையெழுத்து, மேர் முத்திரை.

செல்லக்கண்ணு முதல் மூட்டையைத் தூக்கினான். முப்பது வருஷம் பழகிய கை கிழக்கே போயிற்று. பாதியில் நின்றது. அவன் முதலாளியைப் பார்த்தான், வண்டிகளைப் பார்த்தான். பிறகு மூட்டையைச் சுமந்துகொண்டு நிதானமாகச் சுற்றிப் போய் மேற்குத் தட்டில் வைத்தான்.

அரங்கநாதனின் முகம் வெளுத்துவிட்டது. "ராமாயி, ஒனக்கு இன்னாதான் வேணும்?"

"எனக்கு ஒண்ணும் வாணாம் மொதலாளி. எம் பொண்ணு நல்லாத்தான் கீறா, சர்க்காரே எழுதிக் குடுத்துட்டுது. ஒங்க தராசுக்குத்தான் ஒடம்பு சரியில்ல. பாக்கிப் பேருக்குத் தொத்திக்கப் போவுது. நூறு மீட்டருக்கு அந்தாண்ட கொண்டுபோயிப் போடுங்க."

சந்தைக் காவலுக்கு வந்திருந்த சிப்பாய், நூறு மீட்டர் என்ற வார்த்தை காதில் விழுந்ததும், வழக்கம்போலக் கயிற்றை எடுத்துக்கொண்டு எழுந்தான்.